ஊசிமுனைப் பேரரசுக்கு ஒரு பூமாலை

மாட்சிமை மிக்கதும், மங்காப் புகழ் வாய்ந்ததும், குடிகளின் முழங்கை மடிப்பில் அரியணை இட்டு வீற்றிருப்பதுமான இரத்தப் பரிசோதனை என்னும் பேரரசின் திருமுன் இந்தப் பூமாலையைப் பணிந்து வைக்கிறேன். வலிப்பு நோய்க்கு மருந்து உண்போரின் உடலில் அந்த மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அறிய, இதனினும் சிறந்த வழி இருந்ததில்லை, இருந்தாலும் நாம் அதை அறிந்ததில்லை, அறிந்தாலும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு பேரரசு நிலைத்து நிற்க இந்த மூன்று தூண்களுக்கு மேல் என்ன வேண்டும்?

நம் முன்னோர் தொலைநோக்கு உடையவர்கள். வலிப்பு வந்து விழுந்தவர் கையில் சாவிக்கொத்தையோ, அரிவாளையோ, அகப்பட்ட இரும்பு எதையோ திணித்தார்கள். அதனால் பயன் ஏதுமில்லை என்று மருத்துவர்கள் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஊர் கேட்டபாடில்லை. ஏன் கேட்க வேண்டும்? கையில் இரும்பைக் கொடுத்ததோடு நின்றுவிட்ட மூதாதையரின் திருப்பணியை, கைக்குள்ளேயே இரும்பை இறக்கி நிறைவு செய்தது நம் காலத்து ஆய்வகம். மரபும் அறிவியலும் இத்தனை அன்பாகக் கைகோத்த இடம் வேறொன்று சொல்ல முடியாது.

பேரரசின் வம்சாவளி நெடியது. 1853இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட்டும், பிரான்சில் சார்ல் பிரவாஸும் ஆளுக்கொரு பக்கம் ஊசியைப் பெற்றெடுத்தார்கள். வலிப்புக்கான மருந்துகளோ தனித் தனியே பிறந்து வளர்ந்தன: 1857இல் புரோமைடு, 1912இல் ஃபீனோபார்பிட்டோன், 1938இல் மெரிட்டும் பட்னமும் உலகுக்குக் காட்டிய ஃபெனிடாயின். நம் மருந்துக்கடைகளில் எப்டாயின் என்று கேட்டு வாங்கும் அதே மாத்திரைதான். 1960களில் இவ்விரு குலங்களுக்கும் திருமணம் நிகழ்ந்தது. ஃபெனிடாயின் ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் 10 மைக்ரோகிராம் முதல் 20 வரை நின்றால் பெரும்பாலோருக்கு நலம்; 20ஐத் தாண்டினால் கண்மணி தானாக ஆடும்; 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும்; 40ஐத் தாண்டினால் புத்தி மங்கும் என்ற கணக்கை மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். அன்று முதல் அந்த எண்ணை அறிவிக்கும் உரிமை பேரரசின் ஏகபோகம் ஆயிற்று.

அதன் மெய்யான வெற்றி ஒன்றை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், அதே ஃபெனிடாயினை அதே அளவில் விழுங்கி வந்தவர்கள் திடீரென்று தள்ளாடத் தொடங்கினார்கள். மாத்திரைக்குள் மருந்தோடு சேர்த்து அடைக்கும் வெற்றுத்தூளைத் தயாரிப்பாளர் மாற்றியிருந்தார். கால்சியம் சல்ஃபேட் இருந்த இடத்தில் லாக்டோஸ் வந்தது. மருந்து முன்னிலும் மிகுதியாக உடலில் சேர்ந்தது. மருந்தின் அளவைப் பார்ப்பது எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அளவைப் பார்ப்பது வேறு, அதை இரத்தத்தில்தான் பார்ப்பது என்பது வேறு என்று சில நுண்ணறிவாளர்கள் பிரித்துப் பேசுவார்கள். பேரரசின் பெருந்தன்மை அத்தகைய பிரிவினைகளை அனுமதிப்பதில்லை. முன்னதின் புகழ் முழுவதையும் பின்னதே சூடிக்கொள்ளும்.

இனி அதன் தர்பாரைக் காணுங்கள். தர்பாருக்கு வருகிறவர் மூன்று வயதுக் குழந்தை. வலிப்பு நோய் உள்ள குழந்தை என்பதால் இந்த அழைப்பு வாழ்நாளில் ஒரு முறையோடு முடிவதில்லை. மருந்து கூட்டினால் வரவேண்டும், குறைத்தால் வரவேண்டும், புதிய மருந்து சேர்ந்தால் வரவேண்டும், எடை ஏறினால் வரவேண்டும். குழந்தைக்கோ எடை ஏறிக்கொண்டேதான் இருக்கும். அம்மாவின் மடியில் அமர்த்தி, ரப்பர் பட்டையைப் புஜத்தில் இறுக்கி, “ஒண்ணும் இல்ல கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்று மங்கல வாழ்த்து ஓதுவார்கள். ஒருவர் தோளைப் பிடிப்பார். ஒருவர் மணிக்கட்டைப் பிடிப்பார். அப்பா தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தானும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “நரம்பு கிடைக்கலம்மா, அந்தக் கையைக் காட்டுங்க” என்ற திருவாக்கு பிறக்கும். இந்தக் கை முடிந்து அந்தக் கை, அதுவும் முடிந்து புறங்கை. குறை ஒன்றுமில்லை. கொழுகொழுவென்ற பிஞ்சுக் கையில் நரம்பு ஒளிந்திருப்பது இயற்கையின் பிழை. ஊசியின் பிழை ஆகாது.

இந்த விழாவினால் குழந்தை பெறும் கல்வி சொல்லி முடியாது. மருத்துவமனை வாசலின் வாடை வந்த உடனே அழக் கற்றுக்கொள்கிறது. வெள்ளை உடையைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் ஒடுங்கக் கற்றுக்கொள்கிறது. எறும்பு கடிக்கிற மாதிரி என்று பெரியவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் மிக இளம் வயதிலேயே கற்றுக்கொள்கிறது. வலிப்போடு வாழ்பவர்களில் பேச்சு வராத, தொட்டாலே துடித்துப்போகும் ஆட்டிசக் குழந்தைகளும் பலர் இருக்கிறார்கள். ஏன் பிடிக்கிறார்கள், ஏன் குத்துகிறார்கள் என்று அவர்களுக்கு விளக்க முடியாது. விளக்கம் கேட்காத குடிகளைப் பெற்ற மன்னர் பாக்கியவான்.

அதே குழந்தையின் வாயில், அதே நேரத்தில், அழுகையோடு அழுகையாக வழிந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சொல்லக் கூசுகிறது. எச்சில். கன்னத்தில் வழிந்து, சட்டையை நனைத்து, அம்மாவின் முந்தானையில் துடைபடும் அந்த எளிய நீரில், இரத்தத்தில் தேடும் அதே மருந்து இருக்கிறது என்பதை 1970களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். அன்று எச்சில் கொடுத்த குழந்தை இன்று பாட்டியாகியிருக்கலாம். பேரரசு பதறவில்லை. அரை நூற்றாண்டு பதறாமல் இருப்பது சாமானியர்களால் ஆகாது.

எச்சில் எந்தத் துணிச்சலில் தன்னை இரத்தத்துக்கு நிகராக நிறுத்திக்கொள்கிறது என்று கேட்பீர்கள். அதன் துணிச்சலுக்குக் காரணம், இரத்தப் பரிசோதனையின் ஆகச்சிறந்த பண்பாகிய சமத்துவம்தான். விளக்குகிறேன்.

வயிற்றுக்குள் போன ஃபெனிடாயின் இரத்தத்தில் கலந்ததும், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டது அங்கேயே கட்டுண்டு கிடக்கும். அது மூளைக்குள் நுழையாது, வலிப்பையும் தடுக்காது, கண்ணையும் ஆட்டாது. எஞ்சிய பத்துப் பங்குதான் சுதந்திரமாக உலவி, மூளைக்குள் புகுந்து, வேலை அத்தனையும் செய்கிறது. நல்லதும் அதனால், கெட்டதும் அதனால். வழக்கமான இரத்தப் பரிசோதனையோ கட்டுண்டு கிடப்பதையும் உலவித் திரிவதையும் ஒரே கணக்கில் சேர்த்து, மொத்தமாக ஒரு எண்ணை அறிவிக்கிறது. சிறைக்குள் இருப்பவரையும் வீதியில் நடப்பவரையும் வேறுபாடின்றி எண்ணும் அரசை நீதி தவறியது என்று யார் சொல்வார்? உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இந்தப் பரந்த மனம் இல்லை. புரதத்தோடு கட்டுண்டதை உள்ளே விடாமல், உலவும் மருந்தை மட்டுமே வடித்துக் கொடுக்கின்றன. வேலை செய்யும் மருந்து எவ்வளவோ அதை மட்டும் காட்டுவது எவ்வளவு குறுகிய நோக்கு!

இந்தச் சமத்துவத்தின் முழு அழகு நோயாளி மெலியும்போது வெளிப்படும். சத்துக்குறைவு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், கர்ப்பம் என்று ஏதோ ஒன்றால் ஆல்புமின் குறைந்தவரை எண்ணிப்பாருங்கள். டெசிலிட்டருக்கு 4 கிராம் இருக்க வேண்டிய ஆல்புமின் 2 கிராமாக இறங்கிவிட்டது. அவருக்கு ஃபெனிடாயின் 10 என்று ரிப்போர்ட் வருகிறது. ஷைனரும் டோசரும் வகுத்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அந்த 10, நலமுள்ள ஒருவரின் 20க்குச் சமம். அதாவது வரம்பின் கடைசிப் படியில் நிற்கிறார். ரிப்போர்ட்டோ முதல் படியில் நிற்பதாகச் சொல்கிறது. 8 என்று வந்தால் இன்னும் விசேஷம்: ‘குறைவு’ என்று பக்கத்தில் அச்சாகியிருக்கும். மருந்தைக் கூட்டுவார்கள். ஃபெனிடாயினுக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் நிரம்பிவிட்டால், மாத்திரையில் சிறிதளவு கூட்டினாலும் இரத்தத்தில் அளவு மளமளவென்று ஏறும். மனிதர் தள்ளாடுவார், இரட்டையாகப் பார்ப்பார், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் சிந்துவார். எண் மட்டும் அச்சுப்பிசகாமல் வரம்புக்குள் வந்து நிற்கும். தள்ளாடுகிறவர் பொய் சொல்லலாம். அச்சிட்ட தாள் பொய் சொல்லுமா?

உலவும் மருந்தை மட்டும் இரத்தத்திலேயே பிரித்து அளக்கும் முறையும் உண்டு. மெல்லிய சல்லடை வழியே இரத்தநீரை வடிகட்டி அளப்பார்கள். அதற்குச் செலவு கூடும், நேரம் கூடும், எல்லா ஆய்வகங்களிலும் வசதியும் கிடையாது. வாய்க்குள் இருக்கும் சுரப்பி அதே வடிகட்டலைக் கூலி வாங்காமல் நாள் முழுதும் செய்துகொண்டிருக்கிறது. கூலி வாங்காதவர் வேலைக்கு மதிப்பேது? ரசீது இல்லாத சேவையை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

மேலும், இரத்தம் என்றால் நம் நாட்டில் அதன் கௌரவமே தனி. உறவைச் சொல்ல இரத்தம், வீரத்தைச் சொல்ல இரத்தம். மேடையில் தொண்டர்களை உருக்கி விளிப்பதும் இரத்தத்தின் பெயரால்தான். எச்சிலின் பெயரால் எந்தத் தலைவராவது எந்தத் தொண்டரையாவது அழைத்ததுண்டா? அது பட்ட பாத்திரத்தைத் தனியே வைக்கிற சமூகம் இது. அதில் போய் அறிவியலைத் தேடலாமா? பெருந்தொற்றுக் காலத்தில் சிறு சபலம் ஏற்பட்டது உண்மைதான். 2020இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் உமிழ்நீரில் கொரோனாவைக் கண்டறியும் முறைக்கு அந்நாட்டு அரசிடம் அவசர அனுமதி பெற்றார்கள். எச்.ஐ.வி.க்கு ஈறோரம் தடவி எடுக்கும் பரிசோதனை அதற்கும் முன்பே வழக்கில் இருந்தது. உலகத்தையே முடக்கிய கிருமிக்கு எச்சில் போதுமானதாக இருந்தது. ஒரு குழந்தையின் மாத்திரை அளவைப் பார்க்க மட்டும் அது தகுதி பெறவில்லை. தகுதியில் இத்தனை கறார் காட்டுவதற்கு மனத்திட்பம் வேண்டும்.

அரசவைப் புலவர்களுக்குக் கிட்டிய அருட்கொடை வால்புரோயேட் என்ற மருந்து. எச்சில் என்று எவராவது வாயெடுத்தால், உடனே எழுந்து “வால்புரோயேட்டுக்கு அது ஆகாதே!” என்று முழங்குவார்கள். உண்மை. முழு உண்மை. வால்புரோயேட் அமிலத்தன்மை கொண்டது. உமிழ்நீருக்குள் சரிவர நுழையாது. அங்கே கிடைக்கும் எண்ணும் இரத்தத்தின் எண்ணும் ஒத்துப்போவதில்லை. ஆகவே, ஃபெனிடாயின், கார்பமாசெபின், லாமோட்ரிஜின், எத்தோசக்ஸிமைடு, லெவெடிராசெட்டாம், டோபிராமேட் ஆகிய அனைத்தும் வால்புரோயேட்டின் குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கின்றன. எத்தோசக்ஸிமைடு புரதத்தோடு ஏறத்தாழ ஒட்டுவதே இல்லை. உமிழ்நீரிலும் இரத்தநீரிலும் அதன் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. அது செய்த பாவம் வால்புரோயேட்டின் தெருவில் குடியிருப்பது. கூட்டத்தில் ஒருவர் தவறினால் ஊரையே தள்ளிவைக்கும் பழைய நீதி, நம் ஆய்வகங்களில் மட்டுமாவது உயிரோடு இருப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது.

எச்சிலின் மற்றக் குற்றங்களையும் அவையில் படித்துவிடுகிறேன். மறைத்தேன் என்ற பழி வேண்டாம். மாத்திரையோ சிரப்போ சாப்பிட்ட கையோடு எடுத்தால், வாயில் ஒட்டியிருக்கும் மருந்து கணக்கைக் கெடுக்கும். அடுத்த வேளை மருந்துக்கு முன்பு எடுக்க வேண்டும். வாயைக் கொப்பளிக்க வேண்டும். கொப்பளித்த நீரே கலந்துவிடாமல் சற்றுப் பொறுக்க வேண்டும். ஈறில் இரத்தம் கசிந்தால் எடுக்கக் கூடாது. வாய் வறண்டவர்களுக்குப் போதிய அளவு ஊறாது. ஃபீனோபார்பிட்டோன் போன்ற மருந்துக்கு உமிழ்நீரின் அமில காரத் தன்மையையும் கவனிக்க வேண்டும். ஆய்வகக் கருவிகள் இரத்தநீருக்கென்றே பழக்கப்பட்டவை. உமிழ்நீரில் அளவு சிறிதாக இருக்கும் என்பதால் கருவியைப் புதிதாகப் பழக்கிச் சரிபார்க்க வேண்டும். கொப்பளிப்பது, பொறுப்பது, பழக்குவது! இத்தகைய கொடுந்துன்பங்களிலிருந்து ஆய்வகத்தை விடுவிக்க ஒரு குழந்தையின் இரு கைகளையும் மாற்றி மாற்றிக் குத்துவது எவ்வளவு சுருக்கமான வழி.

பேரரசின் பக்கம் இத்தகைய சங்கடங்களே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவை இருக்கின்றன, ஆனால் கண்ணியமாக மௌனம் காக்கின்றன. இரத்தநீரைப் பிரித்து நிறுத்த அடியில் பசை வைத்த குழாய்கள் உண்டு. சிலவகைக் குழாய்களில் அந்தப் பசை, ஃபெனிடாயினையும் கார்பமாசெபினையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உறிஞ்சிக்கொள்ளும். குழாய் நெடுநேரம் காத்திருந்தால் எண் இறங்கும். அரசனுக்குப் போகும் வரியில் அதிகாரி சற்று எடுத்துக்கொள்வது எந்த நாட்டிலும் உள்ளதுதான். அதற்காக வரியையே நிறுத்துவார்களா?

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் காலத்தைத் தனக்கேற்ப வளைப்பது சக்கரவர்த்திகளின் இலக்கணம். மருந்தின் அளவைப் பார்க்க உகந்த வேளை, காலை மாத்திரையை விழுங்குவதற்குச் சற்று முன்பு. இரவு மருந்து வடிந்து, அளவு அடிமட்டத்துக்கு இறங்கி நிற்கும் அந்த வேளையில் எடுத்தால்தான் ஒரு மாத எண்ணோடு அடுத்த மாத எண்ணை ஒப்பிட முடியும். புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. மன்னரின் கதவு திறப்பதோ எட்டரைக்கு. சில இடங்களில் ஒன்பதுக்கு. கிராமத்திலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்து வரும் தாய், வழியில் பஸ்ஸுக்குள் வலிப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில், ஏறுமுன்பே மாத்திரையைக் கொடுத்துவிடுவார். எந்தத் தாய்தான் கொடுக்க மாட்டார்? டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, முறை வரும்போது மணி பதினொன்று ஆகும். மருந்து உச்சிக்கு ஏறும் நேரமாக இருக்கும். அப்போது எடுத்த எண்ணைத்தான் சாயங்காலம் ரிப்போர்ட்டில் அச்சிட்டுத் தருவார்கள். எப்போது மாத்திரை விழுங்கினாய் என்று கேட்கும் அநாகரிகத்தை அந்தத் தாள் பெரும்பாலும் செய்வதில்லை.

உமிழ்நீரோ நேரம் தெரியாத பாமரம். வீட்டிலேயே, அடுப்புப் பற்றவைக்கும் முன்பே, பாயில் எழுந்து உட்கார்ந்த குழந்தை வாயைக் கொப்பளித்து, சற்றுப் பொறுத்து, ஒரு சிறு குப்பிக்குள் துப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். மாத்திரைக்கு முன், சரியான வேளையில், ஊசி இல்லாமல், தேர்ச்சி பெற்ற கை இல்லாமல். குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். தாயின் ஒரு நாள் கூலியும், அப்பாவின் ஒரு நாள் கூலியும், பள்ளியின் ஒரு நாளும் மிஞ்சும். மிஞ்சி என்ன செய்வது? மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து பொறுமையைப் பழகும் அரிய வாய்ப்பு அல்லவா பறிபோகும்?

தாய்மார்கள் என்றதும் கருவுற்ற வலிப்பு நோயாளிகள் நினைவுக்கு வருகிறார்கள். இவர்கள்பால் மன்னர் கொண்ட பரிவு தனித்துச் சொல்லத் தக்கது. லாமோட்ரிஜின் உண்ணும் பெண் கருவுற்றால், உடல் அந்த மருந்தை வழக்கத்தைவிட மிக விரைவாக வெளியேற்றத் தொடங்கும். அளவு பாதிக்கும் கீழே இறங்கலாம். இறங்கினால் வலிப்பு திரும்பலாம். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. பிரசவம் முடிந்ததும் சில நாட்களிலேயே அளவு மேலேறத் தொடங்கும். கூட்டிய மருந்தைக் குறைக்க வேண்டும். ஆகவே மாதந்தோறும் பார்ப்பது நல்லது என்கிறார்கள். ஏற்கெனவே ஹீமோகுளோபினுக்கு ஒரு குத்து, சர்க்கரைக்கு ஒரு குத்து, தைராய்டுக்கு ஒரு குத்து என்று வாங்கிக்கொண்டிருக்கும் கைக்கு, லாமோட்ரிஜினுக்கும் ஒன்று என்றால் அது ஒரு சுமையா? உமிழ்நீரில் நன்றாகத் தெரியும் மருந்துகளில் லாமோட்ரிஜினும் ஒன்று என்பதை அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லாதிருப்பது, வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் வீண் தகவலையும் சுமக்க வேண்டாம் என்ற கருணையினால்தான்.

இப்படியெல்லாம் எண் வரும், தாள் வரும், ஆனால் பெரும்பாலோருக்கு எதுவுமே வராது. இதுதான் பேரரசின் ஆகப்பெரும் சாதனை. உலகில் வலிப்பு நோயோடு வாழ்பவர்கள் சுமார் 5 கோடிப் பேர் என்றும், அவர்களில் 80 விழுக்காட்டுக்கு நெருங்கியோர் வறிய, நடுத்தர வருவாய் நாடுகளில் இருக்கிறார்கள் என்றும், தகுந்த சிகிச்சை கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்நாடுகளின் சிற்றூர்களில் இன்றும் கிடைக்கும் மலிவான மருந்துகள் ஃபெனிடாயினும், ஃபீனோபார்பிட்டோனும், கார்பமாசெபினும். அளவு பார்ப்பதால் பயன் மிகுந்தவை இவை. அந்த ஊர்களில் இரத்தம் எடுக்கும் கையும், பிரிக்கும் எந்திரமும், குளிர்ப்பெட்டியும் எட்டாத் தொலைவில் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் அளவு பார்க்காமலேயே ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார்கள். தள்ளாடினால் ‘கிறுகிறுப்பு’ என்கிறார்கள். வலிப்பு வந்தால் ‘மறுபடியும் வந்துவிட்டது’ என்கிறார்கள். ஒரு ஊரில் எல்லார் வாயிலும் ஊறும் நீரை அளந்தால் அவர்களும் அளவு அறிந்துவிடுவார்கள். அறிவு அப்படி அங்காடித் தெருவில் மலிந்துபோகாமல் காத்து நிற்பது நம் ஊசிமுனைதான்.

வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகத்தார் 2008இல் மருந்தளவு கண்காணிப்புக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது உமிழ்நீரையும் அதில் எழுதி வைத்தார்கள். 2013இல் பிலிப் பட்சலோசும் டேவ் பெர்ரியும் மருந்து மருந்தாக எடுத்து, எது உமிழ்நீரில் தெரியும், எது தெரியாது என்று நீண்டதொரு ஆய்வுரை எழுதினார்கள். பேரரசு இவற்றை நடத்திய விதம் எனக்குக் கண்ணீரை வரவழைக்கிறது. மறுக்கவில்லை. வாதிடவில்லை. அவற்றைத் தவறென்று சொல்லிப் புலவர் மனத்தைப் புண்படுத்தவில்லை. மாலை மரியாதையோடு வாங்கி, நூலகத்தின் உயர்ந்த தட்டில் கொண்டுபோய் வைத்து, மறுநாள் எட்டரைக்கு வழக்கம்போல் கதவைத் திறந்தது.

கல்லீரல் நலத்தைப் பார்க்க, சோடியத்தைப் பார்க்க, இரத்த அணுக்களை எண்ண இன்றும் ஊசியைத்தான் அழைக்க வேண்டும். வால்புரோயேட்டுக்கும் அதுவே கதி. அந்த இடங்களில் அதன் ஆட்சி செல்லும், செல்லட்டும். ஆனால் தனக்குரிய நாட்டோடு நிறைவு கொள்வது சிற்றரசர் குணம். தேவையில்லாத கையிலும் கொடி நாட்டுபவரே பேரரசர்.

ஆகவே, வலிப்பு நோய்க்கு மருந்து கொடுத்து வளர்க்கும் பெற்றோரே, கருவுற்ற சகோதரிகளே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை “லெவல் பார்த்துட்டு வாங்க” என்று சீட்டு எழுதும்போது, “டாக்டர், இந்த மருந்தை எச்சில்ல பார்க்க முடியாதா? முடியும்னா ஏன் பார்க்கறதில்ல?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஊரே கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். ஐம்பது ஆண்டுகளாகப் பதில் சொல்லிப் பழகாத மன்னருக்கு இந்தத் தள்ளாத வயதில் அந்தச் சிரமத்தைக் கொடுக்காதீர்கள்.